கடலடியில் கிடப்பது யாருக்குச் சொந்தம்?

தஞ்சோங் காராங் வட்டாரத்தில், நெல்வயல்களுக்கும் கடலுக்கும் இடையில் அமைந்திருக்கிறது சுங்கை புரோங். ஒருபுறம் நீர்ப்பாசன வாய்க்கால்களும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பசுமையும். மறுபுறம் மீன்பிடிப் படகுகள் கட்டப்பட்ட ஆற்றுத்துறை. மலாய் மொழியில் ‘தஞ்சோங்’ என்றால் முனை; ‘காராங்’ என்றால் பவளப்பாறை. வட்டாரத்தின் பெயரிலேயே பவளம் இருந்தாலும், கரையோரக் கடலில் இறங்குபவர் கண்ணுக்குப் பவளம் தென்படுவதில்லை. தண்ணீர் தே தாரிக் நிறத்தில் இருக்கும். முழங்கை வரை கையை விட்டால் விரல்கள் மறைந்துவிடும்.

ஆயினும், இக்கடலின் அடித்தளம் மீனவர்களுக்கு அந்நியமானதன்று. எந்த இடத்தில் வலை வீசினால் கிழியும், எந்த இடத்தில் நங்கூரம் சிக்கும் என்பதைப் பழைய மீனவர்கள் மனத்தில் குறித்து வைத்திருப்பார்கள். அங்கே கிடப்பது மரக்கட்டையாக இருக்கலாம். கைவிடப்பட்ட நங்கூரமாக இருக்கலாம். என்றோ மூழ்கிய படகாகவும் இருக்கலாம். மேலிருந்து பார்ப்பவருக்குக் கடல் ஒரே பரப்பு. அதில் தொழில் செய்பவருக்கோ அது மேடும் பள்ளமும், நினைவும் கதையும் நிறைந்த நிலம்.

அந்த நிலத்தை நேரில் காணும் வாய்ப்பு இன்று பலருக்குக் கிடைத்திருக்கிறது. முதுகில் காற்றுக்கலனைச் சுமந்து, வாயில் பொருத்திய கருவியின் வழியாக மூச்சுவிட்டபடி நீருக்கடியில் நீந்தும் ஸ்கூபா முக்குளிப்பு உலகெங்கும் பரவியுள்ளது. தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான், லாபுவான், சிப்பாடான் ஆகிய தீவுகளுக்கு முக்குளிப்போர் பல நாடுகளிலிருந்து வருகின்றனர். பவளப்பாறைகள், குகைகள், மூழ்கிய கப்பல்கள் ஆகிய மூன்றுமே அவர்கள் காண விரும்புபவை. இம்மூன்றையும் குறித்து ஒரு கேள்வி எழுகிறது. கடலடியில் கிடப்பது யாருக்குச் சொந்தம்? முதலில் கண்டவருக்கா, எடுக்க வல்லவருக்கா, அல்லது எல்லாருக்குமா?

‘எடுக்க வல்லவருக்கே’ என்னும் விடை இன்று நடைமுறையில் ஓங்கி நிற்கிறது. அவ்விடை தவறானது. கடலடியில் உள்ளவற்றை இருந்த இடத்தில் இருக்கவிட்டு, பார்த்துவிட்டுத் திரும்புவதே அறிவுடைமை. கடற்கரை மக்களுக்கு ஆதாயம் தருவதும் அதுவே.

முதலில் பவளப்பாறையை எடுத்துக்கொள்ளலாம். பவளம் கல்லைப் போலத் தோன்றினாலும் அது உயிருள்ளது. மிகச் சிறிய உயிரினங்கள் கூட்டமாக வாழ்ந்து, தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பாலான கூட்டைக் கட்டுகின்றன. அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் தங்கி, சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரித்துப் பவளத்துக்கும் பகிர்கின்றன. ஆகவே, பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும். தெளிந்த நீர் வேண்டும். ஆறுகள் சேற்றைக் கொண்டுவந்து சேர்க்கும் சிலாங்கூர்க் கரையோரத்தில் பவளம் செழிக்காததற்கும், கிழக்குக் கரைத் தீவுகளிலும் சபாவிலும் அது செழிப்பதற்கும் இது முக்கியக் காரணம்.

உருண்டை வடிவப் பெரும்பவளங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் மட்டுமே வளரும். அரை மீட்டர் உயரமுள்ள பவளம் ஒன்று ஏறக்குறைய 50 ஆண்டுகளின் உழைப்பு. நான்காம் படிவ மாணவர் ஒருவரின் தாத்தா தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த காலத்தில் அது வளரத் தொடங்கியிருக்கும். அதன்மீது கால் ஊன்றி நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தில் உடைவது மீண்டும் வளர இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டும்.

மூழ்கிய கப்பலின் கதை சற்று வேறானது. கப்பல் மனிதன் செய்தது. ஆனால் மூழ்கிய பிறகு கடல் அதை ஏற்றுக்கொள்கிறது. மணல் நிறைந்த அடித்தளத்தில் உறுதியான பரப்பு கிடைப்பது அரிது. இரும்பு உடல் ஒன்று அங்கே கிடந்தால் பாசியும் பவளமும் கடற்பஞ்சும் அதில் பற்றி வளர்கின்றன. சிறு மீன்கள் அறைகளுக்குள் ஒளிகின்றன. அவற்றைத் தேடிப் பெரிய மீன்கள் வருகின்றன. சில ஆண்டுகளில் கப்பல் ஒரு பவளத்திட்டாக மாறிவிடுகிறது.

லாபுவான் தீவைச் சுற்றி இத்தகைய கப்பல்கள் நான்கு உள்ளன. அவற்றுள் ஒன்று அமெரிக்கக் கடற்படையின் ‘சல்யூட்’ என்னும் கப்பல். 1945-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கண்ணிவெடியில் சிக்கி அது மூழ்கியது. இன்னொன்று சிமெண்டு ஏற்றிச் சென்றபோது 1980-ஆம் ஆண்டு மூழ்கிய சரக்குக் கப்பல். முக்குளிப்போர் அதனைச் ‘சிமெண்டுக் கப்பல்’ என்றே அழைக்கின்றனர். இக்கப்பல்களைக் காண்பதற்கென்றே லாபுவானுக்குப் பயணிகள் வருகின்றனர். படகோட்டிக்கு வேலை கிடைக்கிறது. வழிகாட்டிக்கு வேலை கிடைக்கிறது. தங்கும் விடுதிக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் வாடிக்கையாளர் கிடைக்கின்றனர்.

இதற்கு எதிரான கருத்தும் உண்டு. “துருப்பிடித்துக் கிடக்கும் இரும்பு யாருக்குப் பயன்? எடுத்து விற்றால் பணமாவது கிடைக்குமே” என்று சிலர் கேட்பர். பழைய இரும்பு வாங்கி விற்பது நேர்மையான தொழில். வீட்டில் பயன்படாத சைக்கிளையும் துத்தநாகத் தகட்டையும் பழைய இரும்புக் கடைக்குக் கொடுப்பதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால், கடலடியில் கிடக்கும் கப்பலும் வீட்டின் பின்புறம் கிடக்கும் தகடும் ஒன்றல்ல.

சபாவின் கோத்தா பெலுட் பகுதியிலுள்ள உசுக்கான் விரிகுடாவில் நடந்தது இதற்குச் சான்று. இரண்டாம் உலகப் போரில் 1944-ஆம் ஆண்டு மூழ்கடிக்கப்பட்ட ஜப்பானியக் கப்பல்கள் மூன்று அங்கே கிடந்தன. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பவளமும் மீனும் அவற்றில் குடியிருந்தன. முக்குளிப்போர் அங்குச் சென்று வந்தனர். சுற்றுவட்டார மீனவர்களும் அவ்விடத்தில் மீன் பிடித்தனர். 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பாரந்தூக்கிப் பொருத்திய கப்பல் ஒன்று வந்து அவற்றைப் பிய்த்து எடுத்தது. செய்தி பரவி எதிர்ப்பு எழுவதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்த கதையாக, இழப்புக்குப் பின்னரே அக்கப்பல்களின் அருமை பலருக்குப் புரிந்தது.

இதில் கணக்குப் பார்க்கலாம். இரும்பை விற்றவருக்கு ஒருமுறை பணம் கிடைத்தது. அந்தப் பணம் உசுக்கான் மீனவரின் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் கப்பல் அங்கேயே இருந்திருந்தால், ஆண்டுதோறும் மீன் கிடைத்திருக்கும்; ஆண்டுதோறும் பயணிகள் வந்திருப்பர். மரத்தை வெட்டி விறகாக விற்பவருக்கு ஒருநாள் வருமானம். பழம் பறித்து விற்பவருக்கு வாழ்நாள் வருமானம். தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பணத்தைவிடப் பெரிய இழப்பும் ஒன்று உண்டு. மூழ்கிய கப்பல் ஒரு வரலாற்று ஏடு. எந்தப் பொருள் எந்த அறையில் இருந்தது, எதன்மீது எது அடுக்கப்பட்டிருந்தது என்பவற்றைக் கொண்டே ஆய்வாளர்கள் அதனைப் படிக்கின்றனர். பக்கங்களைக் கிழித்து ஆளுக்கொன்றாக எடுத்துச் சென்றால் பிறகு அந்த ஏட்டைப் படிக்க முடியாது.

மலாக்கா நீரிணையில் மூழ்கிய ‘டயானா’ கப்பல் தமிழர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு. சீனாவின் கேண்டன் துறைமுகத்திலிருந்து பீங்கான் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு அது மதராசுக்குப் புறப்பட்டது. 1817-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 5-ஆம் நாள் மலாக்காவை அடுத்த கடலில் மூழ்கியது. 176 ஆண்டுகள் கழித்து, 1993-ஆம் ஆண்டின் இறுதியில் அது கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ 24,000 பீங்கான் பொருள்கள் மேலே கொண்டுவரப்பட்டன. மதராசு வீடுகளின் சாப்பாட்டு மேசைக்குச் சென்றிருக்க வேண்டிய தட்டுகளும் கிண்ணங்களும் 1995-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் ஏலம் விடப்பட்டன. ஒரு பகுதி மலேசிய அரசிடம் தங்கியது. பெரும்பகுதி உலகின் பல மூலைகளுக்குச் சிதறிவிட்டது.

அந்தப் பணி அரசாங்கத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படியே நடந்தது. எனவே, அதனைக் கொள்ளை என்று கூறுவது முறையாகாது. ஆனால், சட்டப்படி நடந்த ஏலமும் ஓர் இழப்புதான் என்பதை அது காட்டுகிறது. சீனாவையும் மலாக்காவையும் மதராசையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்த அந்தச் சரக்கு முழுமையாக ஓரிடத்தில் இருந்தால், மலேசிய மாணவர் ஒருவர் அதன்முன் நின்று ஒரு காலத்து வணிகத்தைக் கண்ணால் கண்டிருப்பார். இன்று அவருக்குக் கிடைப்பது படங்களும் ஒரு சில பாத்திரங்களுமே.

இதற்கு மாறான வழியும் உண்டு. இலங்கையின் தென்கரையில் உள்ள கொடவாய என்னும் ஊரின் கடலில், சங்கு தேடி முக்குளித்த மீனவர்கள் 2003-ஆம் ஆண்டு பழங்காலக் கப்பல் ஒன்றின் எச்சங்களைக் கண்டனர். செய்தி தொல்லியல் துறையினரை எட்டியது. ஆய்வாளர்கள் பொறுமையாக அவ்விடத்தை அளந்து ஆராய்ந்தனர். அது ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்றும், இந்தியப் பெருங்கடலில் இதுவரை அறியப்பட்ட கப்பல்களில் மிகப் பழமையானது என்றும் தெரியவந்தது. அதில் கண்ணாடிக் கட்டிகள் ஏற்றப்பட்டிருந்தன. அதனை முதலில் கண்டவர்கள் பேராசிரியர்கள் அல்லர். கடலில் பிழைப்பு நடத்தும் எளிய மக்கள். அவர்கள் கண்டதைச் சொன்னதால் வரலாறு பிழைத்தது.

மலேசியாவிலும் இதற்கு வழி வகுக்கப்பட்டுள்ளது. 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் நீரடியில் உள்ள பண்பாட்டுச் சின்னங்களையும் உள்ளடக்கியது. மலேசியக் கடலில் இத்தகைய பொருளைக் காண்பவர், இயன்ற விரைவில் அதனைப் பாரம்பரிய ஆணையரிடமோ துறைமுக அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. ஆனால், சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. வலையில் பழைய பானை ஓட்டையோ பித்தளைத் துண்டையோ காணும் மீனவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கப்பல்களில் சில வெறும் ஏடுகள் அல்ல, அவை கல்லறைகள். 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள், குவாந்தானுக்குக் கிழக்கே பிரிட்டனின் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ ஆகிய இரு போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. ஏறத்தாழ 840 மாலுமிகள் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோரின் உடல்கள் அக்கப்பல்களோடு கடலுக்குள் போயின. 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கும் அவற்றைச் சிறப்புப் பயிற்சி பெற்ற முக்குளிப்போர் மட்டுமே காண முடியும். அங்குச் சென்றவர்கள் கொடி கட்டி அஞ்சலி செலுத்திவிட்டுத் திரும்பியிருக்கின்றனர்.

அந்தக் கல்லறையிலும் இரும்பு தேடுவோர் கை வைத்தனர். வெண்கலச் சுழலிகள் காணாமற்போயின. கப்பலின் உடல் வெடிவைத்துப் பெயர்க்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டு மே மாதம், ஜொகூர் கடற்பகுதியில் வெளிநாட்டுக் கப்பல் ஒன்றை மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனம் தடுத்து வைத்தது. அதில் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளும் பழைய பீரங்கிக் குண்டுகளும் இருந்தன. அவை அவ்விரு போர்க்கப்பல்களிலிருந்து எடுக்கப்பட்டவையாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. வெடிக்காத குண்டுகள் அங்குமிங்கும் கொண்டு செல்லப்பட்டது, உயிருடன் இருப்பவர்களுக்கும் ஆபத்து.

“அவர்கள் பிரிட்டிஷ் மாலுமிகள்தாமே, அதற்காக மலேசியர் ஏன் கவலைப்பட வேண்டும்?” என்று ஒருவர் கேட்கலாம். இதற்கு விடை தோட்டங்களில் இருக்கிறது. சிலாங்கூரின் வடபகுதித் தோட்டங்களிலும் பிற மாநிலத் தோட்டங்களிலும் மூன்று நான்கு தலைமுறையாகத் தமிழர்கள் வாழ்ந்து மறைந்துள்ளனர். தோட்ட நிலம் கைமாறி வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது, கோயில் என்ன ஆகும், இடுகாடு என்ன ஆகும் என்ற கேள்வி பல இடங்களில் எழுந்தது. நிலம் யாருடைய பெயரில் இருந்தாலும், பாட்டனும் பாட்டியும் புதைக்கப்பட்ட மண்ணைப் புல்டோசர் தோண்டுவதை எந்தப் பேரப்பிள்ளையும் பொறுத்துக்கொள்வதில்லை. ‘சொத்து’ என்னும் சொல்லுக்குள் அடங்காத உரிமை ஒன்று உண்டு என்பதை அவர்கள் அறிவர்.

அதே போர்க்காலத்தில், 1942-க்கும் 1943-க்கும் இடையில், சயாம்–பர்மா இரயில் பாதை போடுவதற்காகத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். பலர் திரும்பவில்லை. அவர்கள் எங்கே புதைக்கப்பட்டனர் என்பதுகூடப் பல குடும்பங்களுக்குத் தெரியாது. மாலை போட ஒரு கல்லும் இல்லாத வேதனையை அக்குடும்பங்கள் இன்றும் சுமக்கின்றன. புதைத்த இடம் தெரியாததன் வலி தெரிந்தவர்கள், தெரிந்த கல்லறை ஒன்று திருடப்படுவதைக் கண்டு வாளாவிருக்கலாகாது. இறந்தவர் எந்நாட்டவர் என்பது இங்குக் கேள்வியே அன்று.

எதையுமே எடுக்கக் கூடாதா என்றால், அப்படியும் இல்லை. ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ கப்பலின் மணி 2002-ஆம் ஆண்டு மேலே கொண்டுவரப்பட்டது. அது களவு போய்விடும் என்ற அச்சத்தால், உரிய அனுமதியுடன் எடுக்கப்பட்டு, இங்கிலாந்தின் லிவர்பூல் நகர அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. எடுத்தவர் யார், யாரிடம் கேட்டார், எங்கே வைத்தார் என்ற மூன்று கேள்விகளுக்கும் வெளிப்படையான விடை இருந்தது. நள்ளிரவில் வந்து பெயர்த்துச் செல்பவரிடம் இம்மூன்றுக்கும் விடை இராது.

குற்றம் முழுவதையும் இரும்பு எடுப்போர் மீது சுமத்திவிட்டு, பயணிகளைக் குற்றமற்றவர்களாகக் காட்டுவதும் நேர்மையாகாது. பார்க்க வருபவரும் கெடுக்கக்கூடும். துடுப்புக்காலணி பட்டுப் பவளம் உடைகிறது. நங்கூரம் விழுந்து நொறுங்குகிறது. விடுதிகளின் கழிவுநீர் கடலில் கலக்கிறது. சிப்பாடான் தீவு இதற்கு நல்ல பாடம். கடலடியிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கும் அத்தீவில் ஆமைகளும் எண்ணற்ற மீன்களும் வாழ்கின்றன. புகழ் பரவியதும் சிறிய அத்தீவில் விடுதிகள் பெருகின. தீவு தாங்காது என்பதை உணர்ந்த அரசாங்கம், 2004-ஆம் ஆண்டின் இறுதிக்குள் விடுதிகள் அனைத்தும் தீவை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டது. நாளொன்றுக்கு இத்தனை பேர்தாம் முக்குளிக்கலாம் என்ற வரம்பும் வந்தது. 2010-ஆம் ஆண்டு கடல்நீர் வெப்பமடைந்து பவளங்கள் வெளுத்தபோது, தீவகற்ப மலேசியாவின் சில முக்குளிப்பு இடங்களும் தற்காலிகமாக மூடப்பட்டன. வருமானம் குறையும் என்று தெரிந்தே எடுக்கப்பட்ட முடிவுகள் இவை. வருமானத்தின் வேரைக் காப்பாற்றியதும் இவையே.

சிப்பாடானில் நீரடிக் குகை ஒன்றும் உண்டு. அதன் வாயில் ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. உள்ளே கிளை கிளையாகப் பிரியும் இருண்ட வழிகளில் ஆமைகளின் எலும்புக்கூடுகள் கிடக்கின்றன. ஆமை நீரில் வாழ்ந்தாலும் மூச்சு விட மேலே வர வேண்டிய உயிரினம். குகைக்குள் வழி தவறிய ஆமைகள் வெளியேற முடியாமல் மடிந்தன. கடலிலேயே வாழும் ஆமைக்கே அக்குகை பிடிபடவில்லை என்றால், ஒரு கலன் காற்றோடு செல்லும் மனிதருக்கு அது எத்துணை ஆபத்தானது! பயிற்சியும் வழிகாட்டியும் இல்லாமல் உள்ளே செல்லக் கூடாது என்று அங்கு எச்சரிக்கை உள்ளது. எடுக்காமல் இருப்பது போலவே, எல்லை அறிந்து நிற்பதும் கடலுக்குச் செய்யும் மரியாதை.

இன்னோர் எதிர்வாதத்துக்கும் விடை கூற வேண்டும். முக்குளிப்பு செலவு மிகுந்த பொழுதுபோக்கு. தோட்டப்புறத்திலோ மீனவக் கிராமத்திலோ வளரும் பிள்ளைகளில் பலருக்கு அது எட்டாக்கனி. “பணக்காரர் பார்த்து மகிழ்வதற்காக ஏழை மீனவர் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?” என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. மீன்பிடிக்கத் தடை விதித்துவிட்டு, பயணிகளின் பணம் முழுவதும் வெளியூர் முதலாளிகளுக்குச் சென்றால், உள்ளூர் மக்கள் பாதுகாப்பை வெறுப்பது இயல்பே. எனவே, பாதுகாப்பு என்பது வேலியும் அறிவிப்புப் பலகையும் மட்டுமல்ல. உள்ளூர் இளையோருக்கு வழிகாட்டிப் பயிற்சி, படகோட்டும் உரிமம், கண்காணிப்புப் பணி ஆகியவற்றில் முதலிடம் தரப்பட வேண்டும். கடலைக் காப்பவரின் வயிற்றையும் காக்காத திட்டம் நிலைக்காது.

இது நடக்கக்கூடியதே என்பதற்குக் கோல சிலாங்கூரிலேயே சான்று உண்டு. சுங்கை புரோங்கிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கம்போங் குவாந்தானில், சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் மின்மினிப் பூச்சிகள் ஒன்றாக ஒளிர்கின்றன. துடுப்புப் படகில் பயணிகளை அழைத்துச் செல்பவர்கள் அவ்வூர் மக்களே. பூச்சியைப் பிடிக்கக் கூடாது; விளக்கடித்துப் படம் எடுக்கக் கூடாது; சத்தம் போடக் கூடாது. பூச்சிகளைப் பிடித்துப் புட்டியில் அடைத்து விற்றிருந்தால் அந்தத் தொழில் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். மரங்களை வெட்டியிருந்தாலும் அதே கதிதான். இருட்டில் அமைதியாகப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்; மறுநாளும் பூச்சிகள் ஒளிர்கின்றன; படகோட்டியின் வீட்டிலும் அடுப்பு எரிகிறது. கடலடிக்கும் இதே விதி பொருந்தும்.

சுங்கை புரோங் மாணவருக்கு முக்குளிக்கும் வாய்ப்பு நாளையே கிடைக்காமற்போகலாம். ஆனால், அவர் செய்யக்கூடியவை பல. பள்ளிச் சுற்றுலாவில் தீவுக்குச் செல்லும்போது பவளத்தை மிதிக்காமல் இருக்கலாம். கடைகளில் பவளத் துண்டையும் ஆமை ஓட்டுப் பொருளையும் வாங்க மறுக்கலாம். ஆற்றிலும் வாய்க்காலிலும் வீசப்படும் நெகிழிப்பை கடைசியில் கடலுக்கே போய்ச் சேரும் என்பதை வீட்டில் எடுத்துச் சொல்லலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படகுத்துறைக்குச் சென்று முதிய மீனவர்களிடம் பேசலாம். எந்த மொழி பேசுபவராக இருந்தாலும், ‘வலை எங்கெல்லாம் சிக்கும்?’ என்று கேட்டால் அவர் சொல்லுவார். அந்த இடங்களையும் அவற்றின் கதைகளையும் எழுதி வைக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை வெறும் மரக்கட்டைகளாக இருக்கக்கூடும். ஏதேனும் ஓரிடத்தில் ‘டயானா’வைப் போன்ற ஒரு கப்பல் சேற்றுக்குள் உறங்கிக்கொண்டிருக்கவும் கூடும். சேறு கண்ணை மறைக்கிறது. அதே சேறுதான் மூழ்கிய மரத்தையும் பொருள்களையும் கெடாமல் மூடிப் பாதுகாக்கிறது.

கடலடியில் கிடப்பது இறந்தவர்களுக்கும், இனிப் பிறக்கப்போகிறவர்களுக்கும் சேர்த்தே சொந்தம். இன்று வாழ்பவர்கள் அதன் காவலர்கள். காவலர் தம் பொறுப்பில் விடப்பட்டதை விற்றுத் தின்னலாகாது. அதனைப் பார்க்கலாம், படிக்கலாம், அதனால் நேர்மையாகப் பிழைக்கலாம், பின்னர், கிடைத்தபடியே அடுத்தவர் கையில் ஒப்படைக்க வேண்டும்.